வியாழக்கிழமைப் பாடம்

பூங்காவனத்தை மூன்று தடவை தோற்கடித்தார்கள்.

அவள் தோற்றாள் என்றுதான் மடத்து ஏட்டில் இருக்கிறது. அது பொய். தோற்கடித்தார்கள்.

மூன்று தடவை தேர்வில் தவறினால் வீட்டுக்குப் போக வேண்டும். கரட்டு மடத்தில் அதுதான் சட்டம். அனுப்பும் கடிதத்தை எழுத வேண்டியவர் சிற்றம்பலம். பத்தொன்பது வருஷமாகச் சாமிக்குச் சீடர். மடத்தில் படிக்கிறவர்களுக்கு வாத்தியார். சாமிக்கு அப்புறம் மடம் அவருக்குத்தான் என்று ஊர் பேசும். அவரும் ஒருநாளும் மறுத்ததில்லை.

புதன்கிழமை காலை அவர் சாமி முன்னால் போய் நின்றார்.

"சாமி, அந்தக் கண் தெரியாத பிள்ளைக்குப் படிப்பு ஏறலை."

சாமி கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்.

"நல்ல பிள்ளைதான். குறை சொல்லலை. ஆனா மூணு வருஷமும் தவறிருச்சு. அனுப்பிரலாமா?"

சாமி கிண்ணத்தைக் கீழே வைத்தார். பக்கத்தில் ஒரு செம்பு இருந்தது. அதை எடுத்துக் கவிழ்த்தார். குடத்திலிருந்து ஒரு கை தண்ணீர் அள்ளி அதன் மேல் விட்டார். தண்ணீர் வழிந்து தரையில் ஓடியது. இன்னொரு கை விட்டார். அதுவும் ஓடியது.

"நிறையுதா?"

"நிறையாது சாமி."

சாமி கிண்ணத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

அவ்வளவுதான். சாமியிடம் நேராக ஒரு பதில் வாங்கியவர் யாரும் கிடையாது. எதையாவது கவிழ்ப்பார். எதையாவது உடைப்பார். ஒரு கல்லை எடுத்து மடியில் போடுவார். அர்த்தத்தைக் கேட்டவன்தான் தேடிக்கொள்ள வேண்டும்.

சிற்றம்பலம் தேடி அலையவில்லை. கவிழ்ந்த செம்பு அந்தப் பிள்ளை. தண்ணீர் பாடம். பாவம், தங்காது.

மனசு லேசாயிற்று. போய்க் கடிதத்தை எழுதினார்.

*

கரட்டு மடத்தின் பெருமையே வியாழக்கிழமைதான்.

அன்றைக்குச் சாமிக்கு மௌனம். முப்பது வருஷத்தில் ஒரு வியாழன்கூட அவர் வாய் திறந்ததில்லை. மண்டபத்தின் நடுவில் இரண்டு பாய் அகலத்துக்கு மணல் பரப்பியிருக்கும். சாமி ஒரு குச்சியால் அதில் எழுதுவார். ஒரே ஒரு வரி. சீடர்கள் சுற்றி உட்கார்ந்து படிப்பார்கள். ஒவ்வொருவராக எழுந்து போய்ப் பதிலை விரலால் எழுதுவார்கள். கடைசியில் சாமி மணலைத் தடவி எல்லாவற்றையும் அழித்துவிடுவார்.

சாமி மட்டுமில்லை. மண்டபத்தில் யாருமே அன்றைக்கு வாய் திறக்கக் கூடாது. மணலில் இருந்ததை வெளியே போய் யாரிடமும் சொல்லவும் கூடாது. மீறினால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

மற்ற ஆறு நாளும் படிப்பது அரிசி, வியாழக்கிழமை கிடைப்பதுதான் சோறு என்று வருகிறவர்களிடம் சிற்றம்பலம் சொல்வார். அதனால் தேர்வில் கேள்வி எல்லாம் வியாழக்கிழமைப் பாடத்திலிருந்து.

பூங்காவனத்துக்குப் பிறந்ததிலிருந்து பார்வை கிடையாது.

பதின்மூன்று வயதில் அவளை மடத்தில் சேர்த்தார்கள். அதைப் பெரிய காரியமாகப் பேசிக்கொண்டார்கள். வாசலில் 'எல்லோரும் வரலாம்' என்று பலகை எழுதி மாட்டினார்கள். வெளியூர்க்காரர்கள் வந்தால் அவளைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்துவார்கள். வந்தவர்கள் தலையைத் தடவுவார்கள். கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விடுவார்கள்.

முதல் வியாழக்கிழமை அவளும் மண்டபத்துக்கு வந்து உட்கார்ந்தாள். சாமி எழுதிவிட்டு நிமிர்ந்தார். எல்லார் முகமும் மணலுக்குக் குனிந்திருந்தது. அவள் முகம் மட்டும் நிமிர்ந்து, குச்சிச் சத்தம் வந்த பக்கம் திரும்பியிருந்தது. காத்திருந்தாள்.

சாமி அவளையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கையை நீட்டி அடுக்களைப் பக்கம் காட்டினார்.

எழுந்து போய் அவள் முழங்கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனவர் சிற்றம்பலம்தான். சமையல்காரம்மா ஒரு முறம் நிறையப் புளியைக் கொட்டி அவள் முன்னால் வைத்தாள். கொட்டை எடுக்க.

அப்புறம் அந்தக் கை நீட்டலுக்கு அர்த்தம் கண்டுபிடித்தார்கள். உழைப்பே கண் என்றார் ஒருவர். அன்னம் இருக்கிற இடத்தில்தான் அருள் இருக்கிறது என்றார் இன்னொருவர். சிற்றம்பலமும் ஒரு விளக்கம் சொன்னார். நீளமானது. அந்தப் பிள்ளைக்குப் பாடம் சொல்ல வழி தெரியாமல் சாமி கையைக் காட்டிவிட்டார் என்பது மட்டும் ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

மூன்று வருஷம். நூற்றைம்பது வியாழக்கிழமை. நூற்றைம்பது முறம் புளி.

தேர்வில் அவளுக்கு ஒரு சலுகை உண்டு. மற்றவர்கள் பதிலை மணலில் எழுத வேண்டும். அவள் வாயால் சொன்னால் போதும். அந்தச் சலுகையைக் கொண்டுவந்தவர் சிற்றம்பலம். அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வம்கூட.

*

அவளுடைய தகப்பன் ஆண்டியப்பனுக்கு ஏற்கெனவே ஆள் விட்டிருந்தார்கள். வியாழக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறான். பிள்ளையிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம் என்று சிற்றம்பலம் கிணற்றடிக்குப் போனார். அவள் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க வாத்தியாரய்யா," திரும்பாமலே சொன்னாள். "கடுதாசி எழுதியாச்சா?"

"உனக்கு யார் சொன்னா?"

"உங்க செருப்பு. நல்ல சேதின்னா விறுவிறுன்னு வரும். இன்னைக்கு இழுத்துக்கிட்டு வருது."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"உன் நல்லதுக்குத்தாம்மா. உனக்குப் படிப்பு ஏறலை."

"எந்தப் படிப்பு?"

"தேர்வுல கேட்டேனே. ஒண்ணுக்காவது பதில் சொன்னியா?"

"வியாழக்கிழமைப் பாடத்தைக் கேட்டீங்க. வியாழக்கிழமை நான் புளியில கொட்டை எடுத்தேன். புளியைப் பத்திக் கேளுங்க. புதுப்புளியா, பழம்புளியா, எந்த மரத்துதுன்னு தொட்டுச் சொல்றேன்."

"வாய் மட்டும் குறைச்சலில்லை."

"வாயால சொன்னாப் போதும்னு சலுகை குடுத்தது நீங்கதானே."

சிற்றம்பலத்துக்குச் சுருக்கென்றது. சாமியைத் துணைக்கு இழுத்தார்.

"நான் சொல்லலைம்மா. சாமியே சொல்லிட்டார்." கவிழ்ந்த செம்பைப் பற்றிச் சொன்னார். தண்ணீர் ஓடியதைச் சொன்னார். பாந்தமாகத்தான் சொன்னார். அவருக்கே கேட்க நன்றாயிருந்தது.

அவள் வாளியைக் கீழே வைத்தாள்.

"செம்பைக் கவுத்தது யாரு?"

"சாமிதான்."

"பெறகென்ன? நிமித்தி வைக்கச் சொல்லுங்க."

அவர் முகம் சுண்டிப்போயிற்று. சாமி செய்த ஒன்றை இப்படித் திருப்பிக் கேட்டவர் மடத்தில் யாருமில்லை. அவரும் கேட்டதில்லை.

"டவுன்ல கண் தெரியாத பிள்ளைகளுக்குன்னு பள்ளிக்கூடம் இருக்கு."

"போய்க் கேட்டாச்சு. வயசு தாண்டிருச்சுன்னாங்க."

"அப்ப வீட்டுல அப்பா அம்மாவோட நிம்மதியா இரு. வேறென்ன?"

"எங்க வீட்டை நீங்க பாத்ததில்லையே வாத்தியாரய்யா." கயிற்றைச் சுருட்டிக்கொண்டே சொன்னாள். "அப்பாவும் அம்மாவும் விடியக் காட்டு வேலைக்குப் போவாங்க. போறப்ப என்னைய உள்ளே வச்சு வெளியே பூட்டிருவாங்க. அடுப்புல கிடுப்புல விழுந்திரக் கூடாதுன்னு. பாசத்துலதான். சாயந்தரம் பூட்டுத் திறக்கிற சத்தம் கேக்கும். அது வரைக்கும் உள்ளேதான். எட்டு வருஷம்."

அவர் செருப்பைத் தரையில் தேய்த்தார்.

"சுவருக்கு அந்தப் பக்கம் பள்ளிக்கூடம். பிள்ளைக வாய்ப்பாடு சொல்றது கேக்கும். சுவருல காதை வச்சுக்கிட்டு நானும் சொல்லுவேன். பதினாறாம் வாய்ப்பாடு வரைக்கும் அப்படிப் படிச்சதுதான். அங்கே ஒரு சுவர் இருந்துச்சு. சத்தமாச்சும் கேட்டுச்சு. இங்கே சுவரே இல்லை. என்ன பிரயோசனம்?"

சிற்றம்பலம் திரும்பினார். பின்னால் ஒருவன் குடத்தோடு நின்றுகொண்டிருந்தான்.

முப்பது வயசைத் தாண்டியவன். செங்கல் சூளையில் வேலை பார்த்துவிட்டு மடத்துக்கு வந்தவன். திக்குவாய். மற்ற நாளில் ஒவ்வொருவரும் எழுந்து நின்று ஒரு பாட்டுச் சொல்ல வேண்டும். அவன் எழுந்தால் முதல் சொல்லிலேயே மாட்டிக்கொள்வான். பின்வரிசை சிரிக்கும். சரி, உட்கார் என்று சிற்றம்பலம் கையைக் காட்டிவிடுவார். வியாழக்கிழமை ஒருநாள்தான் அவன் முகத்தில் வெளிச்சம் இருக்கும். அன்றைக்கு யாருமே பேச வேண்டாமே. அதனால் அவனுக்கு மடத்தில் 'வியாழக்கிழமை' என்றே பேர். சொந்தப் பேர் வாத்தியாருக்கே மறந்துவிட்டது.

"என்னய்யா வியாழக்கிழமை, ஒட்டுக் கேக்கிறியா?"

"வா... வா... வாத்..."

சிற்றம்பலம் நடந்துவிட்டார். அவன் முடிக்கும் வரை நின்றால் பொழுது சாய்ந்துவிடும்.

முதுகுக்குப் பின்னால் அவள் குரல் கேட்டது.

"சொல்லி முடிங்கண்ணே. அவரு போனாப் போறாரு. நான் எங்கேயும் போகலை."

கொஞ்சம் நிறுத்தி,

"நாளைக்கு வரைக்கும்," என்றாள்.

*

வியாழக்கிழமை.

ஆண்டியப்பன் முதல் பஸ்ஸில் வந்துவிட்டான். மண்டபத்து வாசலுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றான். கையில் மகளுடைய துணிப்பை. கக்கத்தில் அவள் பாய்.

கடிதம் மணலுக்குப் பக்கத்தில், சாமி உட்காரும் இடத்தில் இருந்தது. சம்மதம் என்று சாமி அதில் ஒரு புள்ளி வைத்துவிட்டால் போதும். சிற்றம்பலம் பேனாவையும் திறந்து வைத்திருந்தார். எதிலும் குறை வைக்காத மனிதர்.

சாமி வந்து உட்கார்ந்தார். பதினேழு சீடர்களும் மணலைச் சுற்றி உட்கார்ந்தார்கள். குச்சியை எடுத்தார்.

அப்போது பூங்காவனம் உள்ளே வந்தாள்.

ஒரு கையால் சுவரைத் தொட்டுக்கொண்டே வந்தாள். தூணைத் தொட்டாள். அங்கிருந்து எண்ணி நடந்தாள். காலில் மணல் பட்டதும் நின்றாள். அங்கேயே, சாமிக்கு நேர் எதிரே, உட்கார்ந்தாள்.

யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது.

சாமி எழுதினார். குச்சி மணலைக் கீறும் சத்தம். நின்றது.

"என்ன எழுதியிருக்கு சாமி?"

மண்டபமே விறைத்துப்போயிற்று. முப்பது வருஷத்தில் வியாழக்கிழமை அங்கே விழுந்த முதல் குரல்.

சாமி நிமிர்ந்தார். அவளைப் பார்த்தார். கையை நீட்டினார்.

அடுக்களை.

எல்லாருக்கும் தெரிந்த கைதான். அந்தக் கை அசைந்தால் பதினேழு பேரும் எழுந்திருப்பார்கள். அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள். கை நீட்டினால் அவளுக்கு எப்படித் தெரியும்? சாமி இன்னும் கொஞ்சம் நீட்டினார்.

அவள் காத்திருந்தாள்.

"என்ன எழுதியிருக்கு? யாராச்சும் சொல்லுங்களேன்."

நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. இறக்கவும் முடியவில்லை. பேசவும் முடியவில்லை. சாமியை அப்படி ஒரு நிலையில் சிற்றம்பலம் பார்த்ததே கிடையாது. பார்க்கப் பிடிக்காமல் எழுந்தார். போய் அவள் முழங்கையைப் பிடித்தார். மூன்று வருஷத்துக்கு முன்னால் பிடித்த அதே முழங்கை.

"கையை விடுங்க வாத்தியாரய்யா. அடுக்களைக்கு எனக்கு வழி தெரியும். அது ஒண்ணைத்தான் நல்லாக் கத்துக் குடுத்திருக்கீங்க." குரல் உயரவில்லை. "இன்னைக்குப் பாடம் என்னன்னு சொல்லிட்டு அனுப்புங்க. ஒரு பாடம். அந்தப் பூட்டுக்குள்ளே உக்காந்து யோசிக்க ஒண்ணாச்சும் வேணும்ல."

வாசலில் ஆண்டியப்பன் தலையைக் குனிந்துகொண்டான்.

சிற்றம்பலத்துக்கு மணலில் இருந்த வரி தெரிந்தது. நாலே சொல். காலடியில் கிடந்தது. அவள் காதுக்கும் அவர் வாய்க்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லை. பத்தொன்பது வருஷம் அவர் வாயைப் பொத்திக்கொண்டிருந்தது.

"உ..."

எங்கிருந்தோ சத்தம்.

"உ... உ... உள்..."

பின்வரிசையில் அந்தத் திக்குவாய்க்காரன் எழுந்து நின்றான். வியாழக்கிழமை. வாரத்தில் ஒரே ஒருநாள்தான் அவனை யாரும் பேசச் சொல்லாத நாள். அன்றைக்குப் பார்த்து எழுந்து நிற்கிறான். கழுத்து நரம்பு புடைத்திருக்கிறது. யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"உள்... உள்ளே..."

நின்றுவிட்டது. உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. சிற்றம்பலத்தின் கை பழக்கத்தில் எழுந்தது. உட்கார் என்று காட்ட. பாதியில் நின்றது.

பூங்காவனம் தலையைச் சத்தம் வந்த பக்கம் சாய்த்துக்கொண்டிருந்தாள். அவசரமே இல்லாமல்.

"இரு... இரு... இருப்ப... இருப்பவர்..."

சிரித்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். அவன் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது.

"எ... எத்... எத்தனை பேர்?"

உள்ளே இருப்பவர் எத்தனை பேர்.

முடித்தான். அவன் ஒரு வாக்கியத்தை முடித்துச் சிற்றம்பலம் கேட்டது அதுதான் முதல் தடவை.

அவன் உட்காரவில்லை. மூட்டையை எங்கே வைத்தோம் என்று யோசிப்பவன்போல நின்றான்.

அந்த மாதிரிக் கேள்விக்கு மடத்தில் பதில்கள் தயாராக இருக்கும். ஒருவர் என்று எழுதுவார்கள். ஐந்து என்று எழுதுவார்கள். ரொம்பப் படித்தவன் யாருமே இல்லை என்று எழுதுவான்.

"இருபது," என்றாள் பூங்காவனம்.

சாமியின் புருவம் சுருங்கியது.

"வெளியே நின்னு எண்ணினேன். இருமல், செருமல், மூக்குறிஞ்சல், எல்லாம் சேத்து பதினேழு சீடங்க. சாமி ஒண்ணு. வாத்தியாரய்யா ஒண்ணு. பத்தொன்பது." தன் நெஞ்சைத் தொட்டுக்கொண்டாள். "நானு."

சாமியின் கை மெல்ல இறங்கியது. குச்சியை எடுத்தார். எழுதவில்லை. குச்சி நுனியால் ஒவ்வொருவராகக் காட்டி எண்ணினார். உதடு அசைந்தது. ஒருத்தரையும் விடவில்லை. தன்னை எண்ணினார். சிற்றம்பலத்தை எண்ணினார். கடைசியாகக் குச்சி அவளிடம் வந்து நின்றது. ரொம்ப நேரம் நின்றது.

பிறகு அந்தக் கடிதத்தை எடுத்தார். பேனாவைத் தொடவில்லை. மணலில் ஒரு கை ஆழத்துக்குக் குழி பறித்தார். கடிதத்தை அதில் வைத்து மூடி, மேலே தடவிச் சமன் செய்தார்.

ஆண்டியப்பனுக்கு எழுத்துத் தெரியாது. இது தெரிந்தது. பையைக் கீழே வைத்தான். பாயையும் வைத்தான்.

சமன் செய்த மணலில் சாமி மறுபடி எழுதினார். சின்ன வரி. எழுதிவிட்டுக் குச்சியைக் கீழே போட்டார்.

பத்தொன்பது பேர் பார்த்தார்கள். ஒருத்தி காத்திருந்தாள்.

சிற்றம்பலத்தின் கை இன்னும் அவள் முழங்கையில்தான் இருந்தது. அதை எடுத்தார். அவள் பக்கத்திலேயே மணலில் உட்கார்ந்தார். வாயைத் திறந்தார். அவருக்கும் திக்கியது.

"வா... 'வாசித்தது யார்?'னு எழுதியிருக்கார்."

பின்வரிசையிலிருந்து இன்னொருவன் முந்திக்கொண்டான். "நம்ம வியாழக்கிழமை, சாமி."

"அவருக்குப் பேர் இருக்கு," என்றாள் பூங்காவனம். பேரையும் அவளே சொன்னாள்.

"வீரணன்."